சிறு வீட்டுக்குப் பணம் திரட்டுவது: மானியம், தவணை, இடைக்கடன், பழுதுபார்ப்பு

பேஸ்மெண்ட் மட்டத்தோடு நின்றுபோன வீடு ஊராட்சிக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். கேட்டால் ‘பணம் பத்தலை’ என்பார்கள். செலவு எழுதிய நோட்டை வாங்கிப் பார்த்தால் வேறு கதை தெரியும். பெரும்பாலும் மொத்தத் தொகை குறைந்ததால் வேலை நின்றிருக்காது. கொத்தனாருக்குக் கூலி கொடுக்க வேண்டிய வாரத்தில் தவணை வரவில்லை, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார், மழை வந்தது, சிமெண்ட் கட்டிதட்டியது. அரசு வீட்டுத் திட்டங்களின் அடிப்படை விதி எளியது: முதலில் கட்டு, பிறகு அளப்போம், அதன்பின் தருவோம். கையில் முதல் இல்லாதவருக்கான திட்டம், முதல் இருந்தால்தான் தொடங்கும். இந்த முரண்பாட்டை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் வீட்டை முடிக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் இரண்டு பெரிய வழிகள். ஒன்று 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டம். சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் என்பது தேசிய அளவு. அதை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 விகிதத்தில் பிரித்துக்கொள்கின்றன. அதாவது மத்தியப் பங்கு 72,000 ரூபாய், மாநிலப் பங்கு 48,000. இந்தத் தொகையில் கான்கிரீட் தளம் போட முடியாது என்பதால் தமிழ்நாடு தன் பங்காக இன்னும் 1.20 லட்சம் சேர்த்தது. ஆக 2.40 லட்சம். குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி. மற்றொன்று 2024-25-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம்: வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. இதில் 300 சதுர அடிக்குக் கட்டாயம் கான்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். சமையலறையையோ முன்திண்ணையையோ அந்த 60 அடியில் வைத்தால் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) செலவு குறையும்.

இவற்றைத் தவிர, பலர் கேட்காமலே விடும் இரண்டு சில்லறைகள் உண்டு. ஊரக வேலைத் திட்டத்தில் சொந்த வீட்டு வேலைக்கே சுமார் 90 நாள் கூலி, தூய்மை பாரத இயக்கத்தில் கழிப்பறைக்கு 12,000 ரூபாய். இவற்றை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதில் திட்டத்துக்குத் திட்டம் வித்தியாசம் இருக்கிறது. சிலவற்றில் அறிவித்த தொகைக்குள்ளேயே இவை அடக்கம், சிலவற்றில் தனி. பணி ஆணை கையில் வந்ததும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ‘இந்தத் தொகையில் வேலைக் கூலியும் கழிப்பறையும் உள்ளடக்கமா, வேறா?’ உள்ளடக்கம் என்றால் கணக்குக்கு ரொக்கமாக வரும் தொகை விளம்பரத்தில் சொன்னதைவிடக் குறையும். சிமெண்டும் கம்பியும் துறை வழியே தரப்பட்டால் அவற்றின் விலையும் தவணையில் கழியும். மூன்றரை லட்சமும் ரொக்கமாக வரும் என்று நம்பி மேஸ்திரியிடம் ஒப்பந்தம் பேசினால் அங்கேயே இடிக்கும்.

கட்டுமான நல வாரியத்தில் பதிவு செய்த தொழிலாளிக்குச் சொந்த மனை இருந்தால், வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை தரும் தனித் திட்டமும் உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள்தான் இதில் அதிகம் தோற்கிறார்கள். இருளர், பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், தோடர், கோத்தர் ஆகிய பழங்குடியினருக்கு 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீட்டுக்கு 2 லட்சம் ஒதுக்கீடு. அதன் மேல் மாநிலமும் சேர்க்கிறது. மலைப்பகுதியில் ஜல்லியும் மணலும் ஏற்றும் கூலியே பொருளின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் அங்கே சமவெளிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

கணக்கைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். 360 சதுர அடிக்கு, சதுர அடி 1,800 ரூபாய் என்று மேஸ்திரி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,48,000. மானியம் முழுதாக 3,50,000 வந்தாலும் 2,98,000 துண்டு விழும். இது எல்லோருக்கும் தெரிகிற துண்டு. தெரியாத துண்டு எங்கே என்றால், செலவு எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதில். இப்படிப்பட்ட வீட்டில் கடகால் தோண்டி பேஸ்மெண்ட் வரை ஏற்ற ஏறத்தாழ 1.1 லட்சம், அங்கிருந்து லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) வரை 1.4 லட்சம்; மேல்சுவரும் தளமும் சேர்ந்து 1.6 லட்சம், பூச்சு, தரை, கதவு, ஜன்னல், வயரிங், கழிப்பறை, பெயிண்ட் என்று முடிப்பு வேலைக்கு 2.4 லட்சம். தளம் போட்டதும் ‘வீடு முடிந்தது’ என்று ஊரே சொல்லும். உண்மையில் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குப் பிறகுதான் இருக்கிறது, வர வேண்டிய தவணையோ ஒன்றே ஒன்று. பூச்சில்லாத சுவரும் சாக்குத் துணி கதவுமாகப் பல வருடம் நிற்கும் வீடுகள் இந்த இடத்தில் மாட்டியவை.

தவணைகள் பொதுவாக பேஸ்மெண்ட், லிண்டல், தளம், நிறைவு என்ற நான்கு கட்டங்களை ஒட்டி வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சியர் (ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளர்) வந்து பார்த்து, இடக்குறியீட்டோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். இந்தப் படம் ஒரு நாள் தள்ளிப்போனால் பணம் ஒரு வாரம் தள்ளிப்போகலாம், ஏனென்றால் ஒன்றியத்திலிருந்து பட்டியல்கள் மொத்தமாகத்தான் மேலே போகின்றன. லிண்டல் கான்கிரீட் போடும் முன்பே ஓவர்சியருக்குச் சொல்லி வைத்துவிட வேண்டும். கட்டம் தாண்டி வேலை போய்விட்டால் படம் எடுப்பதில் சிக்கல் இல்லை. கட்டத்துக்கு ஒரு வரிசை குறைந்திருந்தால்தான் திருப்பிவிடுவார்கள். மனையை மாற்றினால் நிலைமை மோசம்: முதல் படத்தில் இருந்த இடமும் இரண்டாவது படத்தின் இடமும் ஒத்துப்போகாவிட்டால் கணினி ஏற்காது. ‘பத்தடி தள்ளிக் கட்டிக்கலாம்’ என்ற யோசனையை முதல் படத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

பரப்பை நீட்டுவது இன்னொரு பொறி. பேஸ்மெண்ட் போடும்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கும், உறவினர் வந்து ‘இதோட ஒரு ரூம் சேர்த்துப் போட்டுடு’ என்பார். கூடுதல் 100 சதுர அடி அதே விலையில் 1.8 லட்சம். அதில் ஒரு ரூபாய்கூட மானியமாக வராது. பின்னால் அறை சேர்க்க ஆசை இருந்தால் அந்தப் பக்கச் சுவரில் கதவுக்கு லிண்டல் மட்டும் வைத்து அடைத்துவிட்டால் போதும். மாடிக்கும் அப்படியே. மாடி எழுப்பும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் கடகாலில் செலவு செய்யுங்கள்.

பொருளை மொத்தமாக வாங்கிப் போடுவதும் முதலை முடக்கும். 300 சதுர அடி தளம், நாலரை அங்குலக் கனம் என்றால் கான்கிரீட் ஏறத்தாழ 112 கன அடி, அதாவது 3.2 கன மீட்டர். சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற விகிதத்தில் சிமெண்ட் 25 அல்லது 26 மூட்டை, எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) 50 கன அடிக்குள், முக்கால் அங்குல ஜல்லி 95 கன அடி அளவு, கம்பி 200 முதல் 250 கிலோ. இதற்கு மேல் அந்த நாளுக்குத் தேவையில்லை. சிமெண்டை மூன்று மாதம் வைத்திருந்தால் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். துறை தரும் மூட்டைகளையும் கட்டத்துக்கு ஏற்ப எடுப்பது நல்லது. கம்பி மட்டும் விலை இறங்கியபோது வாங்கி வைக்கலாம், தார்ப்பாய் போட்டு தரையிலிருந்து உயர்த்தி வைத்தால்.

பட்டா, வங்கிக் கணக்கு

பணம் மறுக்கப்படுவதில் பாதி இங்கேதான். தாத்தா பெயரில் பட்டா, பேரன் பெயரில் பணி ஆணை என்றால் திட்டமும் நிற்கும், வங்கியும் நகராது. வாரிசுச் சான்று எடுத்து, மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் பதிந்து தந்து, தனிப்பட்டா மாற்ற மாதங்கள் ஆகும். அதனால் பயனாளிப் பட்டியல் வரும் வரை காத்திருக்காமல் பட்டா வேலையை இப்போதே தொடங்குவது புத்திசாலித்தனம். நத்தம் (ஊர்க் குடியிருப்பு) நிலத்தில் பட்டா வாங்கிவிடலாம். நீர்நிலை, மேய்க்கால், சாலைப் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருந்தால் எந்தத் திட்டப் பணமும் வராது. மாற்று இடம் கேட்டு மனு கொடுப்பதுதான் வழி. இலவச வீட்டுமனைப் பட்டாவில் குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அரசு மானியத்துக்கு அது தடையில்லை, ஆனால் வங்கிக் கடனுக்குத் தடை.

வங்கிக் கணக்கில் ஒரு நுணுக்கம். முழு ஆவணம் தராமல் தொடங்கிய ‘சிறு கணக்கு’ என்றால் ஆண்டுக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது (அரசு மானியத்துக்கு இந்த இருப்பு வரம்பு மட்டும் பொருந்தாது), மாதத்துக்கு 10,000-க்கு மேல் எடுக்க முடியாது. ஆண்டு வரம்பைத் தாண்டினால் மானியம் அனுப்பப்பட்டு, திரும்பிப் போய், மறுபடி அனுப்ப மாதக்கணக்கில் ஆகலாம். கிளைக்குப் போய் ஆதாரும் புகைப்படமும் கொடுத்து அதை முழுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆதார் வழி வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் விழும். ‘பணம் வரலை’ என்று ஒன்றிய அலுவலகத்துக்கு அலைந்தவரின் பணம், மறந்துபோன இன்னொரு வங்கிக் கணக்கில் கிடப்பது அடிக்கடி நடக்கும்.

இடைக்கடன்

தவணைக்கும் தவணைக்கும் நடுவே வேலையை ஓட்ட ஒரு லட்சம் ரூபாய் புரட்ட வேண்டும் என்றால் எங்கே வாங்குவது? கணக்கு இப்படி. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன், ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு வட்டி 2,500 ரூபாய். வெளியே ‘மூன்று வட்டி’க்கு வாங்கினால், அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதே மூன்று மாதத்துக்கு 9,000. அரசுத் தவணை ஆறு மாதம் இழுத்தால் 18,000. ஒரு நல்ல கதவு நிலையோடு போய்விட்டது. நகை உள்ளவர்கள் அதை விற்காமல் அடகு வைத்து, தவணை வந்த அன்றே மீட்டு, அடுத்த கட்டத்துக்கு மறுபடி வைப்பதுதான் இருப்பதில் மலிவான வழி. நகையை வைத்த பணத்தில் கூலி மட்டும் கொடுங்கள், பொருளுக்குக் கடையில் கடன் சொல்லுங்கள் என்பது எங்கள் அனுபவ யோசனை. சிமெண்ட் கடைக்காரர் பணி ஆணை நகலைப் பார்த்தால் ஒரு தவணை வரை பொறுப்பார். கொத்தனாரும் சித்தாளும் சனிக்கிழமையைத் தாண்டப் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் கூடாது.

சுய உதவிக் குழுவில் வங்கி இணைப்புக் கடன் கிடைத்தால் அது அடுத்த இடம். தனியார் குறுங்கடன் வேகமாக வரும், ஆனால் 50,000 ரூபாயை 24 சதவீதத்துக்கு 24 மாதத் தவணையில் எடுத்தால் மாதம் 2,644 ரூபாய், மொத்தம் 63,450-க்குப் பக்கம். இதை இடைக்கடனாக எடுப்பது தவறான கருவி: மானியம் மூன்று மாதத்தில் வந்தாலும் கடன் இரண்டு வருடம் ஓடும், வந்த மானியம் வேறு எங்கோ கரைந்திருக்கும். பி.எம். ஊரகத் திட்டத்திலேயே விருப்பமுள்ளவருக்கு 70,000 ரூபாய் வரை வங்கிக் கடன் பெற வழி இருக்கிறது. விதியில் இருக்கிறது என்பதால் கிளை மேலாளர் தந்துவிடுவார் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே அந்தக் கிளையில் குழுக் கடன் ஒழுங்காகக் கட்டியவருக்கு வாய்ப்பு அதிகம்.

நகரத்தில்

பிரதமரின் நகர்ப்புறக் குடியிருப்புத் திட்டத்தின் முதல் கட்டம் 2015 ஜூனில் வந்தது. இரண்டாவது கட்டம் 2024 செப்டம்பரில். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருவாய், 9 லட்சம் வரை நடுத்தரம். குடும்பத்தில் யாருக்கும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது, கடந்த 20 ஆண்டுகளில் அரசு வீட்டுத் திட்டப் பயன் பெற்றிருக்கக் கூடாது. சொந்த மனையில் கட்டுபவருக்கு, தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய உதவி 1.50 லட்சம், மாநிலம் குறைந்தது ஒரு லட்சம் என்பது இரண்டாம் கட்ட விதி.

மனை இல்லாமல் வங்கிக் கடனில் வீடு வாங்குபவருக்கு வட்டி மானியம். இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், உள்பரப்பு 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். கடனின் முதல் 8 லட்சத்துக்கு மட்டும் 4 சதவீத மானியம், 12 ஆண்டு வரை. அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய். அதுவும் ஒரே தடவையில் வராது, ஐந்து ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்குக்கு வரும். ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். கையில் பணம் வந்ததென்று மூன்றாம் வருடமே பாதி அசலை அடைத்தவருக்கு மீதித் தவணை போச்சு. முதல் கட்டத் திட்டத்தில் மானியம் முன்கூட்டியே வந்து மாதத் தவணை குறைந்தது. அந்த நினைப்பில் விற்பனைப் பிரதிநிதி சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம்.

கட்டி விற்கும் குடியிருப்பில் வாங்குவதானால், விலை 45 லட்சத்துக்குள்ளும் உள்பரப்பு சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள்ளும் பிற ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் ஜி.எஸ்.டி. 1 சதவீதம்தான். பத்திரத்தில் பரப்பை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பொது இடங்களையும் சேர்த்துச் சொல்லும் ‘சூப்பர் பில்டப்’ அளவுக்கு இதில் வேலையில்லை.

சொந்த மனையில் கட்டுபவருக்கு ஒரு நல்ல மாற்றம்: 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவதற்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். வங்கிக்குத் தேவையான அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இதனால் விரைவாகக் கிடைக்கிறது. சுயசான்று என்பது பொய் சொன்னால் பொறுப்பும் சுயமாக என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமைப்பாக வீடு கட்டித் தருபவர்களுக்கான நிதி வேறு உலகம். 1970-இல் தொடங்கிய மத்திய அரசின் வீட்டுவசதி நிதி நிறுவனமான ஹட்கோ, 1988-இல் வந்த தேசிய வீட்டுவசதி வங்கியின் மறுநிதி, உலக வங்கி 2020-இல் கையெழுத்திட்ட கடனில் ஒரு பகுதி முதலீடாகப் போன தமிழ்நாடு தங்குமிட நிதியம், ஆசிய வளர்ச்சி வங்கி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்குத் தந்த கடன் ஆகியவை பெரிய திட்டங்களுக்கே. சிறிய தொண்டு நிறுவனத்துக்கு நடைமுறையில் எட்டுவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. அதற்கு வருமான வரித்துறைப் பதிவுகளோடு, 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 பதிவும் (சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான பதிவு) வேண்டும். கம்பெனிகள் மார்ச்சுக்குள் செலவைக் காட்டப் பார்ப்பார்கள். நிலம் வாங்கத் தயங்குவார்கள், நிர்வாகச் செலவைக் கிள்ளுவார்கள். பட்டா உள்ள 20 குடும்பங்களின் பட்டியலோடு, அரசு மானியத்துக்கு மேல் வீட்டுக்கு இவ்வளவுதான் துண்டு என்று காட்டி ஜூன், ஜூலையில் போய் நிற்பவருக்குக் கிடைக்கும்.

பழைய வீட்டைத் தூக்கி நிறுத்த

பழுதுபார்ப்புக்கான பணம் எப்போதும் புது வீட்டுக்கான பணத்தைவிட அரிது. ஊரகப் பகுதியில் 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய தொகுப்பு வீடுகளைச் சீர்செய்ய மாநில அரசு 2024-25-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. திருத்த முடியாத நிலையில் உள்ளவற்றை இடித்துக் கட்ட 2025-26 பட்ஜெட்டில் 25,000 வீடுகளுக்கு 600 கோடி அறிவிக்கப்பட்டது, வீட்டுக்கு 2.40 லட்சம் வருகிறது. எனவே முதல் கேள்வி பழுதா, இடிப்பா என்பது. இதை அவசரப்பட்டு முடிவு செய்தால் பின்னால் மாற்ற முடியாது.

தளத்தின் அடிப்பகுதியைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் கான்கிரீட் பிடித்திருக்கிறது; ‘டொப்’ என்று ஓட்டைச் சத்தம் வந்தால் கம்பி துருப்பிடித்து வீங்கிப் பெயர்த்துவிட்டது. பெயர்ந்த இடத்தில் கம்பியைச் சுரண்டி, தடிமனை வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்து அளக்க வேண்டும். பரப்பில் கால் பங்குக்கு மேல் தின்றிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்காமல் பூசுவது ஏமாற்று வேலை. தளத்தின் பாதிக்கு மேல் ஓட்டைச் சத்தம், அல்லது மதிப்பீடு புதுத் தளத்தின் செலவில் பாதியைத் தாண்டுகிறது என்றால் இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மனு போடுவது மேல்.

சரிசெய்ய முடியும் என்றால் வரிசை முக்கியம். முட்டுக் கொடுத்து, பெயர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு கொத்தி எடுத்து, கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்த்து, தேவையான இடத்தில் புதுக் கம்பியை விட்டத்தைப் போல் 50 மடங்கு நீளம் மேல்சேர்த்துக் கட்ட வேண்டும். 10 மில்லிக் கம்பிக்கு அரை மீட்டர். பிறகு துருத் தடுப்புப் பூச்சு, ஒட்டுப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த கலவையைத் தடவைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு மட்டும் ஏற்றி, கம்பிக்குக் கீழே 20 மில்லி மூடல் வரும்வரை அடுக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அப்பினால் மறுநாள் காலை தரையில் கிடக்கும்.

இவ்வளவும் செய்து மொட்டைமாடி ஓதத்தை அப்படியே விட்டால் செலவழித்த பணம் மூன்று மழையில் போய்விடும். துருவுக்குக் காரணமான தண்ணீர் மேலிருந்துதான் வருகிறது. பழைய தட்டோட்டைத் தட்டிப் பார்த்து, எழும்பியதை எடுத்து, தண்ணீர் வடியும் சரிவு கொடுத்துத் திரும்பப் பதிக்க வேண்டும். மதிப்பீடு தயாரிக்கும்போதே மேல்தள வேலையைச் சேர்க்கச் சொல்லி ஓவர்சியரிடம் வலியுறுத்துங்கள். படம் எடுக்கும்போது உள்பூச்சு அழகாகத் தெரியும், மாடி தெரியாது. அதனால் அது தானாக விடுபடும்.

நகரத்தின் வாரியக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பின் பழைய அடுக்குகளில், சிதிலமானவற்றை வாரியமே இடித்துக் கட்டுகிறது. காலி செய்யும் குடும்பத்துக்கு 8,000-ஆக இருந்த கருணைத் தொகை 24,000 ஆக்கப்பட்டது. சென்னையில் இரண்டு வருட வாடகைக்கு அது எந்த மூலைக்கு? புது வீட்டுக்கான பயனாளிப் பங்கும் தனியாகக் கேட்பார்கள். காலி செய்யும் முன் ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் இருக்கிறது, நிலம் வாரியத்துக்கு மாற்றப்பட்டு விற்பனைப் பத்திரம் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பயோமெட்ரிக் கணக்கெடுப்பில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிகாரப் பத்திரத்தில் (பவர்) வீடு வாங்கிக் குடியிருப்பவர்களே இங்கே அதிகம் அல்லாடுகிறார்கள்.

வீட்டுவசதி வாரியம் விற்ற பழைய அடுக்குமாடிகளில் பணத்தின் ஊற்று நிலமேதான். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதத்தோடு மறுகட்டுமானத்துக்கு வழி விட்டது. ஒரு கணக்கு: 20 கிரவுண்டு, அதாவது 48,000 சதுர அடி மனையில், 600 சதுர அடியில் 40 வீடுகள், இப்போதைய கட்டடம் 24,000 சதுர அடி. தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் 96,000 சதுர அடி கட்டலாம். ஆளுக்கு 900 சதுர அடி தந்தாலும் 36,000. மீதி 60,000 சதுர அடியை விற்றுக் கட்டுமானச் செலவையும் இடைக்கால வாடகையையும் தன் லாபத்தையும் பில்டர் எடுத்துக்கொள்வார். முன்னால் உள்ள சாலை 9 மீட்டருக்கு மேல் இருந்தால் பிரீமியம் (கூடுதல் கட்டணம்) கட்டி 30 சதவீதமும், 18 மீட்டர் என்றால் 50 சதவீதமும் கூடுதலாகக் கட்டலாம். ஆகவே சாலையின் அகலம்தான் பேரத்தின் பலம்.

இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் பில்டர் தர வேண்டிய இடைக்கால வாடகை. இரண்டாம் வருடத்தில் விற்பனை மந்தமானதும் முதலில் நிற்பது அதுதான். முழு வாடகைக் காலத்துக்கும் வங்கி உத்தரவாதம் வாங்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. பொது அதிகாரப் பத்திரத்தை மொத்த மனைக்கும் எழுதித் தராமல், பில்டரின் பங்குக்கு உரிய பிரிபடாத நிலப் பாகத்துக்கு மட்டும், அதுவும் கட்டட முன்னேற்றத்துக்கு ஏற்பத் தர வேண்டும். ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவில் வாங்குபவர் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதால், பதிவு எண் வரும் முன் ஒருவரும் காலி செய்யத் தேவையில்லை.

வங்கியில் வீட்டுக்கடன் வாங்கினால்

30 லட்சம் வரையான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். ஆனால் தானாகக் கட்டும் வீட்டுக்கு அதுவும் கட்டம் கட்டமாகத்தான் வரும், முதலில் உங்கள் பங்கைப் போடச் சொல்வார்கள். 3 லட்சத்தை 9 சதவீதத்துக்குப் பத்தாண்டுக்கு வாங்கினால் மாதம் 3,800 ரூபாய். வருமானச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு வீட்டுக்கடன் நிறுவனங்களுக்குப் போகிறவர்கள், வட்டியை மட்டும் கேட்காமல் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து அது கட்டாயம். செயலாக்கக் கட்டணம், சட்ட ஆய்வு, கடனோடு ஒட்டவைத்த ஒற்றைப் பிரீமியக் காப்பீடு எல்லாம் சேர்த்த உண்மை ஆண்டு வீதம் அதில் இருக்கும். காப்பீட்டை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. குறைந்தபட்சம் அதைக் கடனில் ஏற்றாமல் வருடா வருடம் கட்டலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. யாராவது கேட்டால் எழுத்தில் கேளுங்கள், அதோடு பேச்சு முடியும்.

கடன் அடைந்த பிறகு 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த ஒப்படைப்பு ஆவணம் (பத்திரத்தை அடமானமாக வைத்ததற்கான பதிவு) வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். வங்கி அதிகாரியை அழைத்துவந்து, கடன் அடைந்ததைச் சொல்லும் ரசீதுப் பத்திரம் பதிந்து, ஒரு வாரம் கழித்துப் புது வில்லங்கச் சான்று போட்டு, ரசீது பதிவு எண் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.